துறுதுறுப்பான நாயைத் தத்தெடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கைவிடப்பட்ட நாய்களை மீட்டு, தேற்றி, வேறு வீடு பார்த்துக் கொடுக்கும் தன்னார்வலர்கள் நாங்கள். காப்பகம் என்று தனிக் கட்டடம் எங்களுக்குக் கிடையாது. மீட்ட நாய்கள் எங்கள் வீடுகளிலேயே, எங்கள் பிள்ளைகளோடும் மாமியார்களோடும் தங்கியிருக்கின்றன. ஓட்டமும் துள்ளலும் மிகுந்த நாய்களைக் கேட்டு வருகிறவர்களுக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறோம். விண்ணப்பிக்கும் முன் வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

எந்த நாயைத் துறுதுறுப்பான நாய் என்கிறீர்கள்?

நாள் முழுவதும் வேலை செய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனங்கள்தாம் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் வரும். பெல்ஜியன் மாலினாய், ஜெர்மன் ஷெப்பர்ட், பார்டர் கோலி ஆகியவை மந்தை மேய்க்கப் பழக்கப்பட்டவை. ஹஸ்கி பனியில் வண்டி இழுத்தது. டால்மேஷன் குதிரை வண்டியோடு கூட ஓடியது. பீகிள் முயலின் வாடையைப் பிடித்துக்கொண்டே மணிக்கணக்கில் போகும். நம் ஊர்க் கன்னியும் சிப்பிப்பாறையும் வேறு வகை. கண்ணில் பட்டதைத் துரத்துவதற்காக அம்பு போல் பாயும் இவை, ஓடி முடித்த பிறகு மீதிப் பொழுதைத் தூங்கியே கழிக்கக்கூடியவை என்பதால், வீட்டுக்குள் வைத்துக்கொள்வதற்கு மாலினாயைவிட எளிதானவை என்பது எங்கள் அனுபவம். இரண்டு வயதுக்கு உட்பட்ட லேப்ரடாரையும் பல தெருநாய்க் குட்டிகளையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறோம்.

இவை உங்களிடம் எப்படி வந்து சேர்கின்றன?

ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். அங்கே கைப்பேசியில் காணொளி பார்த்து ஆசையாக வாங்கிய குட்டி, எட்டு மாதத்தில் சோபாவைக் கிழித்து, பக்கத்து வீட்டுக்காரரின் புகாருக்கு ஆளாகி, ஒரு நாள் காரில் ஏற்றப்பட்டு, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் எங்காவது ஒரு தாபா அருகே இறக்கிவிடப்படுகிறது. நேரில் வந்து ஒப்படைக்கிறவர்களும் உண்டு. அவர்களை நாங்கள் திட்டுவதில்லை. கொண்டு வந்து கொடுத்தார்களே என்றுதான் நினைக்கிறோம். 'கோபக்கார நாய்' என்று சொல்லி ஒப்படைக்கப்பட்டவற்றில் பல, உண்மையில் வேலையில்லாமல் சலித்துப்போன நாய்கள்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. ஓடுவதற்கு அது போதாதா?

எங்களுக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். தொடக்கத்தில் நாங்களும் 'தோப்பு இருக்கிறது' என்ற ஒரு சொல்லுக்காகவே நாயைக் கொடுத்திருக்கிறோம். இப்போது கொடுப்பதில்லை.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோப்புக்கு, ஒன்றரை வயது மாலினாய் கலப்பு ஒன்றைக் கொடுத்தோம். சுற்றிலும் கம்பி வேலி, நல்ல நிழல், தண்ணீர்த் தொட்டி, நல்ல மனிதர். ஆறு வாரம் கழித்துப் பார்க்கப் போனபோது, நாய் தோப்புக்குள் எங்கும் ஓடவில்லை. காலையில் மோட்டார் போட வந்துவிட்டுப் போகும் அந்த மனிதருக்காக, மோட்டார் அறையின் வாசலிலேயே படுத்திருந்தது. அவர் அடுத்த நாள் காலை வரை வர மாட்டார் என்பது அதற்குத் தெரியாது. காத்திருந்து அலுத்த வேளைகளில் சொட்டுநீர்க் குழாயை ஒரு முழத்துக்கு ஒன்றாகக் கடித்துத் துண்டாக்கிப் போட்டிருந்தது. எத்தனை துண்டு என்று அவர் எண்ணியே வைத்திருந்தார். 'நாய் நல்ல நாய்ங்க, குழாய்தான் கட்டுப்படியாகலை' என்றார். அவர் மேல் தவறில்லை. நாய் மேலும் தவறில்லை. கணக்குப் போட்டதில் தவறியவர்கள் நாங்கள்.

நாய் தனியாக ஓடி உடற்பயிற்சி செய்துகொள்ளாது. ஆளோடு சேர்ந்துதான் ஓடும். முற்றமே இல்லாத வீட்டில் இருந்துகொண்டு, காலையும் மாலையும் ஏரிக்கரைக்கு நாயை அழைத்துப் போகும் ஆசிரியை ஒருவரிடம் இதே நாய் இப்போது சுகமாக இருக்கிறது. ஆகையால் உங்களிடம் எத்தனை ஏக்கர் இருக்கிறது என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்றே முதலில் கேட்போம்.

தோப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மே மாதம் முதல் தோப்புகளில் பெங்களூரா மாம்பழம் உதிரத் தொடங்கும். பழத்தைத் தின்னும் நாய் கொட்டையையும் சேர்த்து விழுங்கினால், அது குடலில் அடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை வரை போகும். தொடர்ந்து வாந்தி எடுத்து, உணவை மறுத்து, மலம் கழிக்காமல் இருக்கும் நாயை 'சூடு பிடித்திருக்கும்' என்று வீட்டில் வைத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள். மருந்து அடித்த மரங்களுக்கு அடியிலும் அதை அவிழ்த்து விடாதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுப்பீர்களா?

கொடுப்போம். வீட்டு உரிமையாளரிடம் நாங்களும் ஒரு வார்த்தை பேசுவோம். எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்வோம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

வளர்ந்த, ஆரோக்கியமான நாயாக இருந்தால் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தாலும், வீட்டில் விசேஷம் இருந்தாலும், நீங்கள் இரவுப் பணி முடித்து வந்தாலும் இதில் மாற்றமில்லை. ஓசூர் சிப்காட்டில் மாறி மாறி ஷிப்ட் பார்ப்பவர்களை நாங்கள் மறுப்பதில்லை. ஆனால் வீட்டில் இன்னொருவர் பொறுப்பேற்கிறாரா என்பதையும், அந்த இன்னொருவருக்கு நாய் வரப்போகும் செய்தி தெரியுமா என்பதையும் கேட்டுவிடுகிறோம். தெரியாமல் இருந்த வீடுகள் உண்டு.

ஓட்டம் மட்டும் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு மாதத்தில் அது பத்து கிலோமீட்டர் ஓடும் வலுவைப் பெற்றுக்கொண்டு, வீட்டில் முன்னைவிட அதிகமாகத் துள்ளும். மூளைக்கும் மூக்குக்கும் வேலை கொடுத்தால்தான் களைப்பு வரும். இதற்கு விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. சோற்றுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, உலர் உணவைப் பழைய கோணிச் சாக்கின் மடிப்புகளுக்குள் தூவி விடுங்கள். கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து ஏதாவது ஒன்றின் கீழ் அவித்த முட்டைத் துண்டை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். எங்கள் தற்காலிக வீடுகளில் ஒன்றில் வளர்ந்த பீகிள், இப்படி இருபது நிமிடம் மோப்பம் பிடித்தால் அதன் பிறகு இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கும். நடைக்குப் போகும்போதும் சும்மா இழுத்துக்கொண்டு போகாமல், அது நின்று முகர விரும்பும் இடங்களில் முகர விடுங்கள். தெருவின் அன்றைய சேதிகளை அது அப்படித்தான் தெரிந்துகொள்கிறது.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஓசூரின் குளிர்ச்சி தருமபுரிக்குக் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறுவதற்கு முன்பே காலை நடையை முடித்துவிட வேண்டும். மாலையில் தார்ச் சாலை ஆறிய பிறகே கிளம்ப வேண்டும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் அதைத் தாங்காது. நம்மைப் போல உடலெங்கும் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள நாயால் முடியாது. மூச்சிரைத்துத்தான் தணிக்க வேண்டும். அதன் உடல் வெப்பம் இயல்பிலேயே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. தள்ளாடினாலோ, ஈறு அடர் சிவப்பாக மாறினாலோ நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறியபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஹஸ்கி கேட்டுத் தருமபுரியிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு நாங்கள் பெரும்பாலும் இல்லை என்றே சொல்லிவிடுகிறோம்.

சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பைக்கில் போனால், நாய் கூடவே ஓடி வராதா?

வரும், விழுகிற வரைக்கும். இப்படிச் செய்வதாகச் சொல்கிறவர்களுக்கு நாயைக் கொடுப்பதில்லை. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டியை மிதிவண்டியோடு கூட நீண்ட தூரம் ஓட்டக் கூடாது. நடையோ ஓட்டமோ முடிந்த உடனே வயிறு நிறையச் சோறு வைப்பதும், சோறு தின்றவுடன் ஓட விடுவதும் ஆகாது. நெஞ்சு அகன்ற பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிர் போய்விடக்கூடும்.

காவலுக்குத்தான் நாய் வேண்டும். பகலில் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிடலாமா?

கூடாது. இது எங்கள் விருப்பம் மட்டுமில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, விலங்கை நியாயமற்ற நேரத்துக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டி வைப்பதையும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதையும் குற்றமாகச் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், காவல் என்ற நோக்கமே இதனால் கெட்டுப்போகிறது. பகலெல்லாம் கட்டிக் கிடந்த நாய்க்குப் பால்காரரும் திருடரும் ஒன்றுதான். எல்லோரையும் பார்த்துக் குரைக்கும், அவிழ்ந்தால் யாரையாவது கடிக்கும். வீட்டாரோடு புழங்கி, வருகிறவர் போகிறவரை அடையாளம் கண்டு பழகிய நாய்தான் வேற்றாளைக் கண்டு சரியாகக் குரல் கொடுக்கும்.

முயல் பிடிக்கப் பழக்கலாம் என்று ஒரு கன்னி நாய் கேட்கிறேன்.

கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். நாயை விட்டுப் பிடித்தாலும் குற்றமே.

எங்கள் ஊர் காட்டோரம் இருக்கிறது. நாய் வளர்ப்பதில் சிக்கல் உண்டா?

உண்டு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் விண்ணப்பங்களை இதனால் கூடுதலாக விசாரிக்கிறோம். சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. இரவில் வெளியே கட்டியிருக்கும் நாய் அதற்கு வைத்த விருந்து. கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைகள் வயலுக்கு வரும்போது, துணிச்சலான நாய் முன்னால் போய்க் குரைத்து, யானை திரும்பியதும் நேரே உங்கள் காலடிக்கு ஓடி வரும். யானையும் பின்னாலேயே வரும். இவை எல்லாவற்றையும்விட எங்களை அச்சுறுத்துவது, காட்டுப் பன்றிக்காகச் சட்டத்துக்குப் புறம்பாக வைக்கப்படும் அவுட்டுக்காய். கொழுப்போ மாவோ பூசிய அந்த வெடியை நாய் கடித்தால் வாய் சிதறிவிடும். மூக்கு போன போக்கில் போகும் நாயை இத்தகைய இடங்களில் ஒருபோதும் வாரில்லாமல் விட முடியாது. வேலியடைத்த முற்றமும், இரவில் வீட்டுக்குள் படுக்க இடமும் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசுவோம்.

களி போட்டு வளர்த்தால் போதாதா? எங்கள் வீட்டு நாய்கள் எல்லாம் களியில்தான் வளர்ந்தன.

எங்கள் வீட்டு நாய்களும் அப்படித்தான் வளர்ந்தன. நன்றாக வெந்த கேழ்வரகுக் களி நாய்க்குக் கெடுதல் இல்லை. ஆனால் அது மாவுச்சத்து. நாளெல்லாம் ஓடும் நாய்க்குத் தசையும் மயிரும் தேறப் புரதமும் கொழுப்பும் வேண்டும். ஆகவே களியோ சோறோ ஒரு பங்கு என்றால், வேகவைத்த கோழிக் கறி, ஈரல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதற்குக் குறையாத பங்கு இருக்கட்டும். ஈரலை வாரத்தில் ஓரிரு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழம்பு ஊற்ற வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லெட்டும் நஞ்சு. வெந்த எலும்பு ஊசி போலப் பிளந்து குடலைக் குத்தும் என்பதால், பிரியாணி எலும்பைப் போடும் பாசக்கார மாமாக்களை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

நாய் சொன்ன பேச்சைக் கேட்குமா? எங்கள் மொழி அதற்குப் புரியுமா?

இந்தக் கேள்வியைச் சிலர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். எங்களுக்கு இது சிரிப்பான கேள்வி இல்லை. பெங்களூரிலிருந்து வந்த நாய் 'பா', 'கூத்கோ' என்ற கன்னடச் சொற்களுக்குப் பழகியிருக்கும், அல்லது ஆங்கிலச் சொற்களுக்கு. இங்கே ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் பாட்டி தெலுங்கில் 'ரா' என்பார், அப்பா தமிழில் 'வா' என்பார், பிள்ளைகள் 'கம்' என்பார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று நாய்க்கு யார் சொல்வது? எந்த மொழியாக இருந்தாலும் சரி, ஒரு செயலுக்கு ஒரே சொல் என்று வீட்டில் முடிவு செய்து, அதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நாயை ஒப்படைக்கும்போது அதற்குத் தெரிந்த சொற்களின் பட்டியலை நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

அடித்துப் பழக்குவதை நாங்கள் ஏற்பதில்லை. துள்ளலான நாய் அடிக்கு அடங்குவது போலத் தெரியும். உறுமி எச்சரிப்பதை மட்டும் விட்டுவிட்டு, ஒரு நாள் எச்சரிக்காமலே கடிக்கும்.

வீட்டில் சிறு குழந்தையும், ஆடு கோழியும் இருக்கின்றன.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, மேலே தாவும் பெரிய நாயைக் கொடுப்பதில்லை. அது கெட்ட நாய் என்பதால் இல்லை. இருபத்தைந்து கிலோ எடை அன்போடு வந்து மோதினாலும் குழந்தை விழத்தான் செய்யும். கோழி விஷயத்தில் கன்னி, சிப்பிப்பாறை, ஹஸ்கி ஆகியவற்றை நம்ப வேண்டாம் என்பதே எங்கள் நேர்மையான பதில். ஆட்டோடு பழகிவிட்ட நாய்கள் சில எங்களிடம் உண்டு. எவை என்று கேட்டால் சொல்வோம்.

தடுப்பூசி, கருத்தடை எல்லாம் முடித்துக் கொடுப்பீர்களா?

வெறிநோய்த் தடுப்பூசியும் பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட்டு, அட்டையோடு கொடுக்கிறோம். வளர்ந்த நாய்களுக்குக் கருத்தடையும் முடிந்திருக்கும். குட்டியாக எடுத்துப் போகிறவர்கள் உரிய வயதில் செய்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வெறிநோய் ஊசியை ஆண்டுதோறும் போடுவது உங்கள் பொறுப்பு. ஜூலை 6ஆம் தேதி விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடும் முகாம்கள் நடக்கும். பெரிய அறுவை சிகிச்சைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருக்கலாம்.

உண்ணியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புதர்களில் புகுந்து ஓடும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வர வாய்ப்பு மிகுதி. எப்போதும் துள்ளும் நாய் இரண்டு நாள் சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் கசிந்தால் உடனே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மாட்டுக்குப் போடும் உண்ணி ஊசியை அளவு குறைத்து நாய்க்குப் போடும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. ஐவர்மெக்டின் என்ற அந்த மருந்து கோலி வகை நாய்கள் சிலவற்றின் மூளையைத் தாக்கிக் கொன்றே விடும். மருத்துவர் சொல்லாமல் எதையும் போடாதீர்கள்.

முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும்?

முதல் மூன்று நாள் ஒடுங்கியிருக்கும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில்தான் இது தன் வீடு என்று நம்பும் என்பது நாய் மீட்பில் ஈடுபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. முதல் வாரத்தில் அமைதியாக இருப்பதைப் பார்த்து 'நீங்கள் சொன்ன மாதிரி இல்லையே' என்று அழைப்பவர்கள், நான்காவது வாரத்தில் வேறு குரலில் அழைப்பார்கள். சுவர் தாண்டும் நாய் என்றால் ஆறடிச் சுவரும் உயரமில்லை; வாரையும் மார்புப்பட்டையையும் வாசற்கதவுக்கு உள்ளேயே மாட்டிவிட்டு வெளியே வாருங்கள். தொலைபேசி எண் பொறித்த கழுத்துப்பட்டை எப்போதும் இருக்கட்டும். தீபாவளி வெடிச் சத்தத்திலும், தை மாதத்து எருது விடும் விழாக் கூட்டத்திலும் மிரண்டு ஓடிய நாய்களை நாள்கணக்கில் தேடியிருக்கிறோம். அந்த நாட்களில் அறைக்குள் வைத்துக் கூடவே இருங்கள்.

தெரியாமல் கடித்துவிட்டால்?

வீட்டு நாயானாலும், ஊசி போட்ட நாயானாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ வைக்க வேண்டாம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி போடுவார்கள். ஒன்றைக்கூட விடக் கூடாது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு மருத்துவம் ஏறக்குறைய இல்லை.

பணம் கட்ட வேண்டுமா?

நாய்க்கு விலை இல்லை. முடிந்தால் ஊசிச் செலவில் ஒரு பங்கைக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்து பார்ப்பது எதற்கு? எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?

தோப்பு வீட்டின் கதையை மேலே சொல்லியிருக்கிறோம். அன்று வேலியைப் பார்த்த நாங்கள், அந்த மனிதர் இரவில் எங்கே தங்குகிறார் என்று கேட்கவில்லை. இப்போது வந்தால் சுவரின் உயரம், கதவின் தாழ், நாய் படுக்கப் போகும் இடம், அதிகாலையில் அதைக் கூட்டிப் போகப் போகிற ஆள் ஆகிய எல்லாவற்றையும் பார்ப்போம். அரை மணி நேரமே ஆகும். காபி போட வேண்டாம், போட்டால் குடிப்போம்.

ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆறு மாதம் ஆகியிருந்தாலும், ஆறு ஆண்டு ஆகியிருந்தாலும் எங்களிடமே கொடுக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தத்தில் நாங்கள் மிகவும் வலியுறுத்தும் வரி. தெரிந்தவர்களுக்குக் கைமாற்றிவிடாதீர்கள், தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். இடம் தயார் செய்ய எங்களுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால் உதவியாக இருக்கும். கொண்டு வரும்போது தடுப்பூசி அட்டையையும், அது படுத்துப் பழகிய துணியையும், உங்கள் வீட்டில் அது புதிதாகக் கற்றுக்கொண்ட சொற்களை எழுதிய தாளையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.